‘கொஞ்சம் காற்று’க்கு ஒரு காற்றாலை

தலை அலங்காரம் முடிந்து எழுந்த பெண் கோட்டு மாட்டி, தலையில் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்ட பிறகும் ரிக்மோர் கதவைத் திறந்துவிட மாட்டார். ஒரு கை கதவுப் பிடியில் இருக்கும். கண், கதவுக் கண்ணாடி வழியாக எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தில் இருக்கும். கம்பத்தில் கட்டிய கயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அடித்து ஓய்ந்து, அடுத்த அடி தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். அதைப் பிடித்து, “இப்போ போங்க” என்பார். அந்தப் பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். முப்பது வருஷம் இதைப் பார்த்தேன். எத்தனை பேர் சுருள் கலையாமல் வீடு சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ரிக்மோருக்கும் தெரியாது. நம் வாசலில் கலையவில்லை, அது போதும் அவருக்கு.

டென்மார்க்கின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் கிலிட்பியில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை அது ஒன்றுதான். வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கழுவும் தொட்டி, தலையைக் கவிழ்த்து மூடுகிற டிரையர் ஒன்று. சுவருக்கு ரோஜா நிறம். ரிக்மோரின் கணவர் ஹோல்கர் வடகடலில் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து தூங்குவார். தூங்கி எழுந்ததும் கப்பலுக்குப் போய்விடுவார். அதனால் வீட்டில் எந்த முடிவையும் ரிக்மோர் யாரையும் கேட்காமலே எடுத்துப் பழகியிருந்தார்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பதினைந்து வயதில் அங்கே தலை கழுவப் போனேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அந்த வேலைக்கு அது குறையாக இருக்கவில்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடப்பவர்களுக்கு, தலையைத் தேய்ப்பவள் ஒருத்தி இருப்பதே மறந்துவிடும். ஊரில் நடப்பதையெல்லாம் என் காதுபடவே பேசினார்கள்.

சுடுதண்ணீருக்குச் சுவரில் ஒரு சின்ன மின்சாரக் கொதிகலன் இருந்தது. அதில் இரண்டரைத் தலை கழுவலாம். பிறகு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாதாரண நாளில் பரவாயில்லை. காபி குடித்துக்கொண்டே காத்திருப்பார்கள். திடப்படுத்தல் ஞாயிற்றில் அது நடக்காது. வசந்தத்தில் ஒரு ஞாயிறு ஊரின் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சர்ச்சில் திடப்படுத்தல் பெறுவார்கள், ஞானஸ்நானத்தை உறுதிசெய்கிற சடங்கு அது. அன்று காலை பத்து மணிக்குள் அம்மா, அத்தை, சித்தி, அந்தப் பெண் பிள்ளை எல்லோருக்கும் தலை தயாராக வேண்டும். அந்த ஒரு காலைதான் எங்கள் கடைக்கு வருஷத்தின் தலைவிதி. அன்று தலை நன்றாக அமைந்தவர்கள் அடுத்த வசந்தம்வரை வருவார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த ஞாயிற்றில் இரண்டரையில் அந்த அரையாக வந்து மாட்டியவர் எடெல். சபைத் தலைவரின் மனைவி. பக்கத்து வீடு வேறு. தலையில் நுரையோடு கிடக்கும்போது குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் என் விரல்தான் அவர் தலையில் இருந்தது. அவர் கத்தவில்லை. எங்கள் ஊரில் யாரும் கத்துவதில்லை. “கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கு” என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் பேருந்து ஏறி டிஸ்டெட் நகரத்துக்குத் தலை செய்துகொள்ளப் போனார். அங்கே புதிதாகத் திறந்த கடையில் நாள் முழுக்கச் சுடுதண்ணீர் கொட்டும் என்று பேச்சு. எடெல் போனதும் அவர் தங்கை போனார். தங்கை போனதும் தபால்காரர் மனைவி போனார். இலையுதிர்காலம் வருவதற்குள் பத்தில் நாலு பேர் பேருந்தில் இருந்தார்கள்.

ரிக்மோர் எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். ஒரு நாள் சீப்புகளை ஊறவைத்துக்கொண்டே சொன்னார். “அடுத்த திடப்படுத்தலுக்கு அத்தனை தலைக்கும் சுடுதண்ணி இருக்கணும். இல்லன்னா கடையைச் சாத்திட்டு நான் ஹான்ஸ்ட்ஹோல்ம்ல மீன் ஆலைக்குப் போறேன். உனக்கும் அங்க ஒரு ஏப்ரன் கேட்டு வைக்கிறேன்.” எனக்கு மீன் வாடை ஆகாது. அதையும் நான் சொல்லவில்லை.

பெரிய கொதிகலன் வைக்கலாம் என்றால் எங்கள் தெருவுக்கு வரும் கம்பி தாங்காது, புதுக் கம்பிக்கு இரண்டு வருஷம் ஆகும் என்றது மின்சார அலுவலகம். எண்ணெய் அடுப்பு வைக்கலாம் என்றால், எண்ணெய் இருந்த விலைக்கு ஊரே வீட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த காலம் அது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எவனுக்குக் கையில் சுத்தி இருந்ததோ அவன் காற்றாலை செய்துகொண்டிருந்தான். ரிக்மோரின் தம்பி ஐகில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தான். ஏற்கெனவே மூன்று இறக்கை வைத்ததாக இரண்டு நிறுத்திவிட்டான். அக்காவுக்கும் ஒன்று நிறுத்துகிறேன் என்றான்.

ரிக்மோர் கொல்லைப்புறத்தை அளந்து பார்த்தார். ஒரு பக்கம் எடெலின் ஆப்பிள் மரம், ஒரு பக்கம் சர்ச்சுக்குப் போகும் பாதை, நடுவில் துணி துவைக்கும் கொட்டகை. இறக்கை சுற்ற இடமில்லை. மேலும் ஐகிலின் ஆலைக்கு உச்சியில் பல்சக்கரம், மின் இயந்திரம், அங்கிருந்து இறங்கும் கம்பி, காற்று திரும்பும்போதெல்லாம் முகத்தைத் திருப்ப ஒரு வால். “எனக்குக் கரன்ட் வேண்டாம்டா. சுடுதண்ணி போதும்” என்றார். தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தால் சூடாகும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு பண்ணைகளில் ஆலைத் தண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு அப்படித்தான் வீட்டைச் சூடாக்கினார்கள். அப்படியென்றால் தண்டு படுத்துக்கிடப்பானேன், நேராக நிற்கட்டும், மேலே காற்று சுற்றட்டும், கீழே கொட்டகைக் கூரையைத் துளைத்து நேராகப் பீப்பாய்க்குள் இறங்கட்டும். இதுதான் அவர் யோசனை. நின்று சுற்றுவதற்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். வாலும் வேண்டாம்.

அன்று மாலை கடை மூடியதும் அவர் முடி சுருட்டுகிற பெரிய பிளாஸ்டிக் ரோலர் ஒன்றை எடுத்து நீளவாக்கில் இரண்டாக வெட்டினார். மூங்கிலைப் பிளந்த மாதிரி இரண்டு பாதி. வளைவுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்படி அவற்றை ஒரு பின்னல் ஊசியில் ஒட்டி, மேலே இருந்து பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி ஆக்கி, கை டிரையரை அதன் முன்னால் பிடித்தார். குழிந்த பக்கத்தைக் காற்று தள்ளியது, முதுகுப் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசி சுற்றியது. கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் ஐகில் வந்து பார்த்தான்.

“அக்கா, இது காத்தாலை இல்ல. பொம்மை.”

“நீ செய்யறது ஏரோப்ளேன். பறக்கத் தெரியாததால கம்பத்துல கட்டி வச்சிருக்க.”

“என்னோடது இதைவிட ரெண்டு மடங்கு காத்தைப் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். உன்னோடது எடெல் வீட்டு ஆப்பிளையும் பிடிக்கும்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க மாலை வேளைகளில் கடை பட்டறையாக இருந்தது. எத்தனை ரோலர் போனது என்று கணக்கில்லை. இரண்டு பாதியையும் நடுவில் ஊசியோடு ஒட்டவைத்தால் சோம்பலாகச் சுற்றியது. கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நகர்த்தி, நடுவில் விரல் நுழைகிற சந்து விட்டால், ஒரு குழியில் புகுந்த காற்று அந்தச் சந்து வழியாக மற்றதன் குழிக்குப் போய் அதையும் தள்ளியது; வேகம் கூடியது. மேலும் கீழும் அட்டை வட்டம் வெட்டி மூடியதும் காற்று வழிந்து போகாமல் இன்னும் வேகம் கூடியது. ஆனால் சில கோணத்தில் நின்றால் டிரையர் எவ்வளவு ஊதினாலும் அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு ரிக்மோர் இன்னொரு ரோலரை அதன் தலைமேல் குறுக்காக ஏற்றினார். கீழ்மாடி முறைத்தால் மேல்மாடி இழுத்துவிடும். “கல்யாணம் மாதிரி” என்றார். ஹோல்கர் அப்போது கடலில் இருந்தார்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிதாகச் செய்வது. இதற்கு வந்தவர் பிரெபென். கோபன்ஹேகனிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து நாலு வருஷமான வாத்தியார். முடி தோளைத் தொட்டதால் ஆண்கள் கடைக்காரர் அவரை எங்களிடம் அனுப்பிவிட்டார். டிரையருக்குள் தலையை வைத்துக்கொண்டு விளக்கினார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகும். ஆகவே முதலில் ஊரில் எவ்வளவு காற்று என்று தெரிய வேண்டும். கலங்கரை விளக்கத்தில் அளந்து வைத்திருப்பார்கள், ஆனால் அது கடலோரம். உள்ளே இருக்கிற ஊரின் காற்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். வருகிறவர்களைக் கேட்டு எழுதுங்கள் என்றார். ஊர்க்காரர்களை இவ்வளவு மதித்த வாத்தியார் எங்களுக்கு வாய்த்ததில்லை.

ரிக்மோர் ஒரு நோட்டுப் போட்டார். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், “இன்னிக்கு உங்க பக்கம் காத்து எப்படி?” என்று கேட்டு எழுதினார்.

எங்கள் பக்கத்துப் பேச்சை இங்கே சொல்லியாக வேண்டும். யாராவது செத்துப் பிழைத்து வந்தால், “கொஞ்சம் முடியாம இருந்தேன்” என்பார்கள். கல்யாண விருந்து அமர்க்களமாக இருந்தால், “சாப்பாடு இருந்துச்சு” என்பார்கள். கிரெஸ்டன் என்ற விவசாயியின் தீவனக் குதிர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான தகரக் குதிர், ஒரு நவம்பர் மாதம் அடித்தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு உருண்டு இரண்டு வயல் தள்ளிப் போய்ப் படுத்தது. மறுநாள் கூட்டுறவுக் கடையில் அவர் அதைப் பற்றிச் சொன்னது, “நேத்து கொஞ்சம் காத்து” என்பதுதான். வெறுமனே ‘காற்று’ என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘புயல்’ என்ற வார்த்தையை வானொலிக்காரர்கள் மட்டும் சொல்வார்கள். அவர்கள் தலைநகரத்து ஆட்கள், எதையும் மிகைப்படுத்துவார்கள் என்று ஊரில் அதை மன்னித்து விட்டிருந்தோம்.

நோட்டு நிறைந்தது. ‘கொஞ்சம் காற்று.’ ‘காற்றென்று சொல்ல முடியாது.’ ‘கொஞ்சம்.’ ‘இருந்தது.’ ‘நேற்றைவிடப் பரவாயில்லை.’ ஐந்து மாதமும் இதேதான். பிரெபென் தன் நாட்காட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த அட்டவணையைப் பிரித்தார். இலேசான காற்று என்றால் இலை அசையும், சின்னக் கொடி விரியும், வினாடிக்கு மூன்று நாலு மீட்டர் என்று அதில் அச்சிட்டிருந்தது. கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தார்.

“மூணரை மீட்டர். ரொம்பக் கம்மிதான். நான் இன்னும் அதிகம்னு நினைச்சேன்” என்றார்.

கடையில் நாலு பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படித்தவர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லும்போது, இல்லை எங்கள் ஊரில் காற்று அதிகம் என்று சொன்னால் அது பெருமையடிப்பதாகிவிடும். நான் கையில் துண்டோடு நின்றேன். ‘கொஞ்சம் காற்று’ எழுதிய நாட்களில் யார் யார் தலைத்துணியை இரட்டை முடிச்சுப் போட்டு வந்தார்கள், எந்த நாளில் தபால்காரர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், எந்த நாளில் நான் கூட்டிக் குவித்த முடி கதவு திறந்ததும் சமையலறை வரைக்கும் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். துண்டை மடித்து வைத்தேன். அன்று பேசியிருக்க வேண்டியவள் நான்தான்.

இவ்வளவு குறைவான காற்றில் பதினான்கு தலைக்குத் தண்ணீர் சுட வேண்டுமென்றால் ஐகில் பிளந்து மாட்ட நினைத்திருந்த எண்ணெய் டிரம்கள் போதாது, அதைவிட மூன்று மடங்கு பரப்பு வேண்டும் என்று பிரெபெனின் கணக்குச் சொல்லிற்று. அவ்வளவு பெரிய உருளைத் தகரம் எங்கே கிடைக்கும் என்று ரிக்மோர் கேட்க, கிரெஸ்டன், “நம்ம குதிர் வயல்ல சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோங்க” என்றார். அது எப்படி அந்த வயலுக்கு வந்தது என்பதை அந்த நிமிஷத்தில்கூட யாரும் நினைக்கவில்லை. இல்லை, எல்லோரும் நினைத்தார்கள். யாரும் சொல்லவில்லை.

ஐகில் அந்தக் குதிர்த் தகரத்தை நடுவில் குறுக்கே அறுத்து இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்தான். நாலு பாதி. தண்டுக்கு ஹோல்கர் ஒரு பழைய கப்பலின் சுழலித் தண்டை வாங்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுத் தூங்கினார். மேலும் கீழும் மூடுகிற வட்டத்துக்குக் கம்பி சுற்றி வருகிற பெரிய மர உருளைகளின் தட்டுகளை ஒட்டிச் சேர்த்தார்கள். அவை மின்சார அலுவலகம் தூக்கிப் போட்டவை. கீழே தாங்குவதற்கு ஒரு லாரியின் சக்கரக் குடம், மேலே பிடிக்க நாலு திசையிலும் இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறு. சுவருக்கு வாங்கி மிஞ்சிய ரோஜா நிறத்தை ரிக்மோர் அதற்கு அடித்தார். ஊர் அதற்கு ‘ரோலர்’ என்று பெயர் வைத்தது.

பீப்பாய் வேலை சுலபமாக இருக்கவில்லை. பாலைக் குளிரவைக்கும் பழைய தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தண்டின் அடியில் துடுப்புகள் கட்டி, ஐகில் கையால் அரை மணி நேரம் சுற்றினான். ஐகில் சூடானான். தண்ணீர் சூடாகவில்லை. கோப்பைக்குள் காபி சுற்றுவது போலத் துடுப்போடு சேர்ந்து தண்ணீரும் சும்மா சுற்றியது. ரிக்மோர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து இரண்டு சீப்பை எடுத்தார். ஒன்றின் பற்களை மற்றதன் பற்களுக்குள் நுழைத்து இழுத்துக் காட்டினார். “ஒரு சீப்பு ஓடணும். இன்னொண்ணு தொட்டியோட ஒட்டி நிக்கணும். தண்ணி நடுவுல மாட்டிச் சிக்கெடுக்கணும்.” ஐகில் நேராகப் பட்டறைக்குப் போய் இரும்புச் சீப்புகள் செய்துகொண்டு வந்தான். தம்பி அக்காவைப் பாராட்டிய ஒரே தடவை அது.

நிறுத்துவதற்குத் தடை வேண்டுமே. ஐகில் தன் பழைய மொபெட்டின் பிரேக்கைக் கழற்றித் தண்டில் மாட்டினான். மேலே ரோஜா நிறத்தில் அவ்வளவு பெரிய குதிர், கீழே உள்ளங்கையளவு பிரேக். அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்று, “மூணரை மீட்டர் காத்துக்கு இது போதும்” என்றான். சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை. ஆனால் காகிதத்தில் எழுதியிருந்ததே.

திடப்படுத்தலுக்கு முந்தின செவ்வாயன்று அது எழுந்து நின்றது. அந்த வாரம் எங்கள் ஊர் வரலாற்றில் இல்லாதபடி காற்று நின்றுவிட்டது. எதிர்வீட்டுக் கொடிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. புகை நேராக மேலே போனது. பார்க்கவே கூச்சமாக இருந்தது. ரோலர் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்றி, யாரோ கூப்பிட்டது போல் நின்று பார்க்கும். பிரெபென் பெருமையோடு வந்து, “பார்த்தீங்களா, இன்னும் பெரிசா செஞ்சிருக்கணும்” என்றார். சனிக்கிழமை மதியம் ரிக்மோர் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தார். வைத்த வெந்நீர் ஆறிப்போன சூடுகூட இல்லை. நாளைக்குப் பதினான்கு தலை எழுதியிருந்தது. டிஸ்டெட்டுக்குப் போகாமல் மிஞ்சியிருந்தவர்கள் அந்தப் பதினான்கு பேர்தான்.

“உனக்கு என்ன அளவு ஏப்ரன்?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் காற்று என்னைத் திரும்ப உள்ளே தள்ளியது. மேற்கிலிருந்து வந்தது. குனிந்து வேலியைப் பிடித்துக்கொண்டே போனேன். தூரத்திலிருந்தே ஓசை கேட்டது: பெரிய மாடு மூச்சு விடுவது போல, நிறுத்தாமல். ரோஜா நிறம் மட்டும் தெரிந்தது, குதிர் தெரியவில்லை, அவ்வளவு வேகம். கொட்டகைக்குள் ரிக்மோர் தொட்டியின் பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“சுடுது யொன்னா” என்றார்.

ஆறு மணிக்கு முதல் தலை. வாளியில் மொண்டு, பச்சைத் தண்ணீர் கலந்து, நான் ஓட ஓட அவர் சுருட்டினார். ஏழு மணிக்குள் ஆறு தலை ஆகிவிட்டது. அப்படி ஒரு காலை எங்களுக்கு வாய்த்ததே இல்லை. ஏழே காலுக்கு நான் வாளியோடு போனபோது கொட்டகையில் ஆவி நிறைந்து எதுவும் தெரியவில்லை. தொட்டி குமுறிக்கொண்டிருந்தது. ரிக்மோர் வந்து பிரேக்கை இழுத்தார். கருகிய வாடை வந்தது, கொஞ்சம் புகை வந்தது, கையோடு நெம்புகோல் வந்தது.

ஐகில் சர்ச்சுக்கான கறுப்புச் சூட்டில் ஓடிவந்தான். ஆவிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இதுதான்: சீப்புகள் தண்ணீருக்குள் இருக்கும்வரை தண்ணீர் இதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கொதித்து வற்றிச் சீப்பு வெளியே வந்தால் பிடிக்க எதுவுமில்லை. பிறகு குதிர் பிய்த்துக்கொண்டு எடெல் வீட்டுக்குப் போகுமா சர்ச்சுக்குப் போகுமா என்று காற்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

“திறந்து விடுக்கா. சாக்கடைல போகட்டும்.”

“சுடுதண்ணியையா?” ரிக்மோர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்வாங்கினான். “ஒரு வருஷமாடா இதுக்கு அலையறேன். ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது. நீ குழாயைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணி விடு. யொன்னா, நீ போய் தலை கொண்டா.”

“யாரோட தலை?”

“எவன் தலையா இருந்தாலும் சரி.”

நான் தெருவுக்கு வந்தேன். சர்ச்சுக்குச் சீக்கிரம் கிளம்பியவர்கள், ஓசை கேட்டு வந்தவர்கள் என்று பத்து இருபது பேர் பாதையோரம் நின்று ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கையால் பிடித்திருந்தார்கள். கிரெஸ்டன் தன் பழைய குதிர்த் தகரத்தை ஆர்வமாகப் பார்த்து, “இன்னிக்குக் கொஞ்சம் காத்து” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எடெல் தன் ஆப்பிள் மரத்தடியில் நின்றிருந்தார். முந்தின நாள் டிஸ்டெட்டில் போய்ச் செய்துகொண்டு வந்த சுருள், ஒரு பக்கம் முழுக்க எழுந்து நின்று மறுபக்கம் முகத்தில் அப்பியிருந்தது. அவர் பேத்திக்கு அன்று திடப்படுத்தல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தெருவில் நின்று பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

“கொஞ்சம் இல்ல” என்றேன். “புயல் அடிக்குது. இது புயல். எடெலம்மா, உங்க தலை கலைஞ்சுபோச்சு. உள்ள சுடுதண்ணி கொதிக்குது, தலைதான் பத்தல. எல்லாரும் வாங்க.”

கிரெஸ்டன் தொப்பியை விட்டுவிட்டார். அது போய்விட்டது. எடெல் கையை உயர்த்தித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். அந்த வார்த்தையை ஊருக்குள் ஒருத்தி உரக்கச் சொல்லிவிட்ட பிறகு, கலையவில்லை என்று பாசாங்கு செய்ய யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. அவர்தான் முதலில் நடந்தார். பின்னால் அவர் தங்கை. பின்னால் தபால்காரர் மனைவி.

அந்தக் காலையை எப்படிச் சொல்வது. இரண்டு நாற்காலியில் நாலு பேர். நான் சமையலறைத் தொட்டியில் கழுவினேன், ரிக்மோர் கடைத் தொட்டியில் கழுவினார், ஆறு பெண்கள் ஒருவர் தலையை ஒருவர் சுருட்டினார்கள். பெண்கள் தீர்ந்ததும் ஆண்கள் வந்தார்கள். சூட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, முதல்முறையாகக் கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்து, வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். கிரெஸ்டனுக்கு மண்டையில் பத்து முடிதான். அவருக்கும் இரண்டு வாளி ஊற்றினோம். பிரெபென் தோள்வரை முடியோடு வந்தபோது ஐகில் குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“வாத்தியாரே, இது எத்தனை மீட்டர்?”

பிரெபென் அண்ணாந்து ரோஜா நிறத்தைப் பார்த்தார். இருபதுக்கு மேல் இருக்கும் என்றார். பிறகு மெதுவாக, “நோட்டுல என்ன எழுதுவீங்க இதை?” என்று கேட்டார்.

“கொஞ்சம் காத்துன்னு” என்றான் ஐகில்.

பிரெபென் தலையைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டார்.

எடெலின் தலையை நான்தான் கழுவினேன். கொஞ்சம் அதிகமாகவே சூடாக ஊற்றினேன் என்று நினைக்கிறேன். அவர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. துண்டு சுற்றி எழுந்ததும் ரிக்மோரிடம், வியாழக்கிழமைகளில் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ரிக்மோர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது போல் பார்த்து, இருக்கிறது என்றார். புத்தகம் காலியாகத்தான் இருந்தது.

சர்ச் மணி அன்று பத்து நிமிஷம் தாமதமாக அடித்தது. அடிக்க வேண்டியவர் எங்கள் சமையலறையில் நுரையோடு இருந்தார். முப்பத்தொரு தலை. உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்றபோது சர்ச் முழுக்க ஒரே ஷாம்பு வாசனை அடித்தது என்றும், போதகர் இரண்டு முறை நிறுத்தி மோந்து பார்த்தார் என்றும் சொல்வார்கள். நான் அங்கே இல்லை. ஐகிலும் ரிக்மோரும் நானும் தொட்டிக்கு ஆள் மாற்றி ஆள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். மதியத்துக்குப் பிறகு காற்று இறங்கியதும் ஐகில் ஏணி வைத்து ஏறி, கயிறு போட்டு ரோலரைக் கட்டினான். பிறகு மூவரும் தொட்டியோரம் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். ரிக்மோர் தன் தலையை மட்டும் அன்று கழுவவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

அடுத்த வாரம் பிரெபென் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் பேனாவைத் திறந்தார். நான் ஒவ்வொரு நாளாகச் சொன்னேன். அன்று தபால்காரர் மிதிவண்டியைத் தள்ளினார். அன்று எடெலின் துணிக்கொடி கம்பத்தோடு போனது. அன்று முடி சமையலறைவரை. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் ஒரு எண் போட்டார். முடிந்தபோது சராசரி எட்டரை மீட்டருக்கு வந்தது. மூன்றரைக்கும் எட்டரைக்கும் நடுவில் பலம் எத்தனை மடங்கு என்று போட்டுப் பார்த்து, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் கோடையில் ஐகில் மேல்மாடியைக் கழற்றிவிட்டு, கீழ்மாடியை மட்டும் நடுவில் அறுத்து ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஏற்றி இரண்டு சின்ன மாடியாக்கி, லாரியின் பிரேக் ஒன்றைப் பொருத்தினான். மிஞ்சிய தகரத்தைக் கிரெஸ்டன் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டார்.

மீன் ஆலைக்கு யாரும் போகவில்லை. ரிக்மோர் இன்னும் இருபத்தேழு வருஷம் கடை நடத்தினார். கையில் மூட்டுவலி வந்து கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனபோது, ஒரு திங்கட்கிழமை சாவியை என் ஏப்ரன் பையில் போட்டுவிட்டு, நாளைக்கு எட்டு மணிக்குத் தலை கழுவ வருகிறேன், எனக்கு ஒரு இடம் எழுதிக்கொள் என்றார்.

இப்போது அவருக்கு எண்பத்து நாலு. செவ்வாய்தோறும் வருகிறார். கடை வாரத்துக்கு நாலு நாள் திறந்திருக்கிறது. தெருவுக்குப் புதுக் கம்பி வந்து வெகுகாலமாகிவிட்டது. பெரிய மின்சாரக் கொதிகலன் சுவரில் இருக்கிறது. ரோலருக்கு இது நாலாவது அடித்தாங்கி, மூன்றாவது தடவை ரோஜா நிறம். காற்றுள்ள நாட்களில் தண்ணீர் தொட்டியிலிருந்து வருகிறது, இல்லாத நாட்களில் சுவரிலிருந்து வருகிறது. போன வருஷம் சுவரிலிருந்து வந்தது நாற்பத்தொரு நாள்.